ஊரைக் கேட்டுக் கூப்பிட வேண்டிய மேளம்

மதுரைப் பக்கத்தில் தாய்மாமன் சீரைத் தட்டுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் யாரும் மதிப்பிடுவதில்லை. சீருக்கு முன்னால் எந்த மேளம் வந்தது, தெருவில் அது எப்படி நடந்தது, எந்த முக்கில் நின்று வாசித்தது என்பதெல்லாம் அடுத்த விசேஷம் வரைக்கும் பேசப்படும். சென்ற ஆவணியில் என் அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் அழகர்கோவிலில் முடியெடுத்துக் காது குத்தினோம். தாய்மாமன் நான் என்பதால் மேளம் பிடிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அதற்காக நான் அழைத்த நையாண்டி மேளச் செட்டைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் செட்டின் பெயரையும் அவர்களது ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அழகர்மலையின் அடிவாரத்துச் சிற்றூர் என்பது வரைக்கும் சொல்லலாம். மேலூர்ப் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் விசாரித்தால் மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு முன் ஒரு முறை நான் ஏமாந்திருக்கிறேன். தம்பியின் திருமணத்தின்போது நேரில் போய் மேளம் பிடிக்க நேரமில்லாமல், விழா ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை விட்டிருந்தேன். பந்தல், பூ அலங்காரம், குளிர்பானம் ஆகியவற்றுக்கு நடுவே ‘மதுரை நையாண்டி மேளம், 8 நபர்கள்’ என்று அவர்களுடைய பட்டியலில் ஒரு வரி இருந்தது. ஒரே நிறப் பனியன் போட்ட எட்டு இளைஞர்கள் வந்தார்கள், சத்தத்துக்குக் குறைவில்லை, கைபேசியில் படம் பிடிக்கத் தோதாகக் குதித்துக் குதித்து அடித்தார்கள். ஆனால் பெண் அழைப்பு எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் முக்குக்கு வந்தபோது, அங்கே நின்று, காலத்தைக் குறைத்து, ஒரு சுற்று வாசித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சூடம் ஏற்றிக்கொண்டிருந்தவரை உரசிக்கொண்டு அதே வேகத்தில் கடந்து போய்விட்டார்கள். பெரியப்பா என் தோளைத் தொட்டு, “மேளம் நம்மளக் கூட்டிட்டுப் போகணும்டா. இங்க நாமல்ல மேளத்தக் கூட்டிட்டுப் போறோம்” என்றார். பிறகு விசாரித்தபோது, அன்றைக்கென்று பல ஊர்களிலிருந்து திரட்டப்பட்டவர்கள் அவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதுரை என்று பனியனில் அச்சடித்துக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

ஆகவே இம்முறை நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். செட்டின் தலைவர் நாதசுரக்காரர். அறுபதை ஒட்டிய வயது. திண்ணையில் உட்கார்ந்து, குழலின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே பேசினார். தேதியையும் தொகையையும் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. “எந்தச் சாமிக்குத் தம்பி? யாரு வீட்டுச் சீரு? பொம்பளையாளுகளுக்கு அருள் வருமா?” என்று வரிசையாகக் கேட்டார். சீர் எந்தத் தெருவில் புறப்பட்டு எந்த மண்டபத்துக்குப் போகிறது என்று நான் சொன்னதும், வழியில் இருக்கிற இரண்டு கோவில்களையும் ஒரு தர்காவையும் அவரே சொல்லி, தர்கா வாசலில் மேளத்தை நிறுத்திவிட்டு நடந்து கடப்பதுதான் தங்கள் வழக்கம் என்றார். அரை நாளுக்கு 18,000 ரூபாய், வண்டி வாடகையும் சாப்பாடும் நம்முடைய பொறுப்பு என்று பேசி முடித்து, வெற்றிலை பாக்கில் 3,000 ரூபாய் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள். அதை ஒரு குறையாக நான் எழுதவில்லை. ஆனால் ரசீது எதிர்பார்ப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

செட்டில் எட்டுப் பேர்: நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை ஒன்று, உறுமி ஒன்று, சிங்கி என்கிற சிறு கைத்தாளம் தட்டும் பையன் ஒருவன். எட்டாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கோவில் திருவுலாவில் மல்லாரி வாசித்து வரும் பெரிய மேளத்திலும் நாதசுரமும் தவிலும்தான் உண்டு என்பதால், நையாண்டி மேளத்தை அதன் மலிவுப் பதிப்பாக நினைப்பவர்கள் நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். இது பிழையான கணக்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாதசுரம் நீளமானது, கீழ்ச்சுருதியில் நின்று ராகத்தை விரிப்பதற்கு ஏற்றது. நையாண்டிக்காரர்கள் ஊதுவது குட்டையான திமிரி. அதன் உயர்ந்த சுருதிதான் பம்பையும் உறுமியும் சேர்ந்து முழங்கும் பொட்டலில் அவற்றையெல்லாம் கிழித்துக்கொண்டு காதுக்கு வரும். பெரிய மேளத்தில் தவில் ராகத்துக்குப் பின்னால் வருகிறது. இங்கே நாதசுரம் ஆடுகிறவரின் காலுக்குப் பின்னால் வருகிறது. இந்தத் தலைவரின் குழல் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே நரசிங்கம்பேட்டைதான். “குழலு அவுக ஊரு, ஊதுறது நம்ம ஊரு” என்றார். அதை ஏதோ வாய்ச்சாலகம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

விசேஷத்தன்று காலை ஆறரைக்கு வர வேண்டியவர்கள் ஏழு ஐம்பதுக்குத்தான் அழகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். முதல்நாள் இரவு வேறொரு ஊரில் கரகாட்டத்துக்கு வாசித்துவிட்டு, விடியும்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் இது எல்லாச் செட்டுகளிலும் நடப்பதுதான். ஆனாலும் ஒரு மணி இருபது நிமிடம் காது குத்தும் ஆசாரியைத் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தவன் நான் என்பதால் அதை எளிதில் மறக்க முடியவில்லை. தொலைபேசியில் மூன்று முறையும் “பக்கத்துல வந்துட்டோம் தம்பி” என்ற ஒரே பதிலே கிடைத்தது.

வந்த பிறகு நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு அங்கே உருவம் கிடையாது. சந்தனம் பூசிய கதவுதான் சாமி. சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது இந்தக் கருப்பனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வண்டியிலிருந்து இறங்கிய எட்டாவது ஆள் தன்னுடைய மின்னணுத் தாளப் பேடையும் ஒலிபெருக்கியையும் இறக்கப் போனபோது, தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கருப்பு முன்னாடி கரண்டு வேணாம். தோலு போதும்.” எங்களுக்கு முன்பே அங்கே வேறொரு குடும்பத்தின் மேளம் வாசித்துக்கொண்டிருந்தது, அவர்கள் முடித்து நகரும் வரைக்கும் இவர்கள் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் நின்றார்கள். முந்தி வந்த செட்டுக்கு இடம் விடுவது அந்தச் சந்நிதியில் எழுதாத சட்டமாம். தம்பியின் திருமணத்தில் பனியன் போட்டு வந்தவர்கள் இங்கே என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்ததும் நாதசுரம் தொடங்கவில்லை. உறுமிக்காரர்தான் முன்னால் வந்தார். வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் மெல்ல அழுத்தித் தேய்த்தார். அந்த உறுமல் எழுந்தவுடனே பேசிக்கொண்டிருந்த கூட்டம் தானாக அடங்கியது. இரண்டு சுற்று முடிவதற்குள் என் சித்தி தலையை விரித்துக்கொண்டு முன்னே வந்துவிட்டார். உறுமிக்காரர் அவருக்கு நான்கடி தள்ளி, குனிந்து நின்றுகொண்டார். சுற்றியிருந்த நாங்கள் எல்லாரும் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சித்தியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் கால் வேகம் பிடித்தபோது அவர் உடனே வேகம் கூட்டவில்லை. அரைச் சுற்று தாமதித்து, கால் நிலைப்பட்ட பிறகே தவில்களைக் கண்ணால் கூப்பிட்டார். இரண்டு தவிலும் பம்பையும் ‘தகிட தகிட’ என்று ஒன்றாக இறங்கின. ஒரு கட்டத்தில் சித்திக்குத் தள்ளாட்டம் வந்தது. நாங்கள் பிடிக்கப் போவதற்கு முன்பே மேளம் அவரைப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் தவில் நின்றது, பிறகு பம்பை தேய்ந்தது, உறுமி மட்டும் நீண்ட இடைவெளி விட்டு உறுமிக்கொண்டிருக்க, அதற்கு மேல் ஒற்றை நாதசுரம் தாலாட்டைப் போல ஒரு மெட்டை இழுத்தது. சித்தி தானாகவே உட்கார்ந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் “பிள்ளைகளுக்குப் பசிக்கப் போவுது, ஆசாரியக் கூப்பிடுங்க” என்றார்.

எல்லாம் முடிய ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு நிழலில் நின்றிருந்த உறுமிக்காரரிடம், ஏன் காலைப் பார்த்து அடித்தீர்கள் என்று கேட்டேன். “எங்க அம்மாவுக்கு அருள் வரும்ணே. சின்னப் பிள்ளையில அவுக காலப் பாத்துத்தான் அடிக்கப் பழகுனேன். மூஞ்சியப் பாத்தா நமக்குப் பயம் வந்துரும், கை தப்பிரும்” என்றார். ஒரு செட்டுக்கு ஊர் என்று ஒன்று இருப்பதன் பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வேட்டி கட்டும் முறையும் தலைப்பாகையும் ஒரு வாரத்தில் யாருக்கும் கைவந்துவிடும். ஒரு வீட்டில், ஒரு களத்தில், ஒரு தாயின் காலடியில் பழகிய கை ஆறு மாதப் பயிற்சியில் வந்துவிடாது.

அழகர்கோவிலிலிருந்து கே.புதூர் வந்து, மண்டபத்துக்கு நானூறு மீட்டர் தள்ளியிருக்கும் தெருமுனையில் சீர் தட்டுகளை இறக்கினோம். அந்த நானூறு மீட்டரை நடக்க ஐம்பது நிமிடம் ஆனது. வெயிலில் நடந்த உறவினர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த நடையில் ஒரு கணக்கு இருந்தது. பத்துப் பதினைந்தடி நகர்வார்கள், நிற்பார்கள், வட்டமாகத் திரும்பி ஒரு மெட்டை முழுமையாக வாசிப்பார்கள், பிறகு முதல் தவில்காரர் சுற்றை முடிக்கும் தீர்மானம் ஒன்றை வைத்தவுடன் நடை தொடங்கும். இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் இந்தச் செட்டு வெளியாருக்குத் தேதி கொடுப்பதில்லை; அழகரோடு நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வைகை வரைக்கும் போகிற கூட்டத்தோடு போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் அப்படி நடந்த கால்களுக்கு ஒரு தெரு என்பது கடந்து போகிற இடமாகத் தெரியாது போலும். சொன்னபடியே தர்கா வாசலில் மேளம் நின்றது. இருபதடி அமைதியாக நடந்து, தாண்டிய பிறகு சிங்கி மட்டும் முதலில் தட்டித் தொடங்கினார்கள்.

மண்டபத்துக்குச் சற்று முன்னால் நான் மாட்டிக்கொண்டேன். மாமன் சீரில் இருபத்தொரு தட்டுகள் வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கணக்கில் அது கௌரவமான எண்ணிக்கைதான். தலைவர் வரிசையின் கடைசி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, குழலை என் பக்கம் திருப்பி, ஐந்து சுரத்தில் ஒரு சின்னக் கேள்வியை ஊதினார். மேலே ஏறி, கடைசியில் இழுத்து, கொக்கிபோல் முடிந்த அந்தச் சொல் என்னவென்று மதுரையில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை: “அம்புட்டுத்தானா?” கூட்டம் சிரித்தது. இரண்டாவது நாதசுரம் அதையே கீழ் ஸ்தாயியில், வருத்தப்படும் பாட்டியின் குரலில் திருப்பிக் கேட்டது. தவில்காரர், குச்சியை ஒரே தட்டாகத் தட்டி, “ஆமா, அம்புட்டுத்தான்” என்று முடித்துவிட்டார். என் அக்காவின் மாமனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து நாதசுரத்தில் செருகிய பிறகே எனக்கு விடுதலை கிடைத்தது. நையாண்டி என்ற பெயர் இந்த மேளத்துக்கு ஏன் வந்தது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், அன்றைக்கு அனுபவித்தேன். இங்குள்ள பேச்சின் ஏற்ற இறக்கம் தெரியாத குழல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதே ஐந்து சுரங்களைக் கொங்கு நாட்டுத் தெருவொன்றில் ஊதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி எட்டாவது ஆள். சீர் மண்டப வாசலுக்கு வந்ததும் அவருடைய பேடும் ஒலிபெருக்கியும் வேலைக்கு வந்தன, அதோடு செட்டின் முகமே மாறிவிட்டது. அடுத்த முக்கால் மணி நேரம் புதுப் படங்களின் பாட்டு ஒன்று மாற்றி ஒன்று. இளைஞர்கள் ஆடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேடில் தாளம் ஒரே வேகத்தில் ஓடுகிறது. நையாண்டி மேளத்தின் உயிர் இழுத்து விடுவதில் இருக்கிறது. பேடு ஓடத் தொடங்கியதும் தவில்காரர்கள் ஆடுகிறவர்களின் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பேடுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் சித்தியின் குதிகாலைப் படித்த உறுமி, பேடின் இரைச்சலில் காதிலேயே விழவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும் கேட்டிருந்தால், தம்பியின் திருமணத்துக்கு வந்த பனியன் செட்டுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு சொல்ல என்னால் முடிந்திருக்காது.

சினிமாப் பாட்டு வாசிப்பதைக் குறையாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தில் இருந்தாலும், 1996-இல் அந்த மாவட்டம் பிரியும் வரைக்கும் மதுரை மாவட்டத்து ஊர்தான். 1989-இல் வெளியான கரகாட்டக்காரன் படத்துப் பாட்டுகளை வாசிக்காத நையாண்டி மேளம் இங்கே கிடையாது. அந்த மெட்டுகளின் விதை இந்த வட்டாரத்துக் களங்களில் கிடந்ததுதான் என்பதால், செட்டுக்காரர்கள் அவற்றை இரவல் வாங்கிய கூச்சத்தோடு வாசிப்பதே இல்லை. இந்தச் செட்டும் நண்பகலில், பேடுக்காரர் சாப்பிடப் போயிருந்த இடைவெளியில், அந்தப் படத்துப் பாட்டொன்றைத் தோல் கருவிகளோடு மட்டும் வாசித்தது. பல்லவியைச் சொல்லிவிட்டு, அதற்கு நடுவே காவடிச்சிந்தின் செஞ்சுருட்டி ராகச் சாயலுக்குள் நுழைந்து, கூட்டம் கண்டுபிடித்துக் கைதட்டும் நேரத்தில் மறுபடியும் பாட்டுக்குத் திரும்பினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழ முடியாமல் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் கேட்டதில் அதுவே அன்றைய நாளின் சிறந்த வாசிப்பு.

பந்தி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் மேற்பார்வையாளர், மேளக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி என்று எங்களைக் கேட்காமலே முடிவு செய்து, அவர்களைப் பின்வாசல் பக்கம் உட்கார வைத்திருந்தார். அக்கா பார்த்துவிட்டு, இரண்டாவது பந்தியிலேயே நடுவில் இலை போடச் செய்தார். மேளம் பிடிப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மண்டபங்களின் வழக்கத்தை நம்பியிருக்கக் கூடாது.

வண்டியின் முன்பக்கத்தில் ‘மதுரை’ என்று பெரிய எழுத்திலும், அதற்குக் கீழே அவர்களுடைய ஊர்ப்பெயர் வாகனப் பதிவெண்ணை விடச் சிறிய எழுத்திலும் இருந்தது. ஏன் இப்படி என்று தலைவரிடம் கேட்டேன். “மதுரைன்னு போட்டாத்தான் வெளியூருல கூப்பிடுவாக தம்பி. எங்க ஊரு பேரப் போட்டா, அது எங்கிட்டு இருக்குன்னு கேப்பாக” என்றார். வியாபாரமாகப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். மதுரை என்ற பெயருக்கு நாதசுர உலகில் ஒரு மரியாதை இருக்கிறது. 1968-இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக வரும் நாதசுரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்களுடையது. பறைக்கு 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற வேலு ஆசானும் மதுரைக்காரரே. ஆனால் இசைக்காரர்கள் தங்கள் சிற்றூரைப் பெயருக்கு முன்னால் போட்டு, அந்த ஊரையே நாடறியச் செய்ததும் இந்தத் துறையில்தானே நடந்தது? காருக்குறிச்சி என்ற ஊரை அருணாசலம் நாதசுரம் வாசித்ததால்தான் நமக்குத் தெரியும். மதுரைக்கு வடமேற்கே வாடிப்பட்டி மேளக்காரர்கள் ஊர்ப்பெயரையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டு தொழில் செய்கிறார்கள். இவர்களோ தங்களை வேறுபடுத்திக் காட்டுகிற ஒன்றைச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு, எவரும் அச்சடித்துக்கொள்ளக்கூடிய பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. குழலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் போடச் சொன்னால், நேரம் தவறாமைக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் தர முடியாது. கோவில் வாசிப்புக்கும் தெரு நடைக்கும் ஐந்துக்கு ஐந்து. மண்டப வாசலில் வாசித்ததற்கு மதிப்பெண் போடுவதையே தவிர்க்கிறேன். திருமண வரவேற்பில் ஆட்டம் மட்டும் போதும் என்பவர்கள் இவர்களை இவ்வளவு தூரம் தேடிப் போக வேண்டியதில்லை. குலசாமி கும்பிடு, முளைப்பாரி, சீர், காவடி என்று ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் வருமானால் போங்கள், விடிகாலை நிகழ்ச்சியானால் முதல்நாள் இரவே ஊருக்குள் தங்க வைத்துவிடுங்கள்.

வருகிற பங்குனியில் எங்கள் குலசாமிக்குப் படையல் போடுகிறோம். சென்ற வாரம் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போய், தேதி சொல்லி, இம்முறை பேடு வேண்டாம், முழுக்கத் தோல் கருவிகளோடு மட்டும் வாருங்கள் என்றேன். பேடு இல்லையென்றால் தொகை குறையும் என்ற எண்ணமும் மனதின் ஓரத்தில் இருந்தது. தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “பேடு இல்லாட்டி அந்த எடத்துக்கு தமுக்கு ஒரு ஆளு, இன்னொரு பம்பை ஒரு ஆளு வேணும்ல தம்பி? ஒருத்தரு போயி ரெண்டு பேரு வருவாக. இருபதாயிரத்து ஐந்நூறு ஆகும்” என்றார். தமுக்குக்காரர் இப்போது மேலூரில் ஆட்டோ ஓட்டுகிறாராம், கூப்பிட்டால் வருவாராம். வெற்றிலை பாக்கில் மூவாயிரம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.